கோஹாத்தில் யாருக்கும் அவசரமில்லை

புடாபெஸ்ட்,
20 செப்டம்பர் 1993

கோஹாத், மலைத்தெரு, திருமதி எதெல்கா அவர்களுக்கு,

வணக்கம். இது சொந்தக் கடிதம் அல்ல, அலுவல் கடிதம். எங்கள் பதிப்பகம் 'ஒயின் நாட்டுச் சிற்றூர்கள்' என்றொரு பயணக் கையேடு கொண்டுவருகிறது. ஊருக்கு ஒரு பக்கம். கோஹாத் பக்கத்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நான் அந்த ஊரில் பிறந்தவன் என்பது எங்கள் ஆசிரியருக்குத் தெரியும். அங்கே நான் போவதில்லை என்பது தெரியாது. தெரியப்படுத்தும் உத்தேசமும் இல்லை.

ஆகவே தாங்கள் சில விவரங்கள் தந்து உதவ வேண்டும். இப்போதைய மக்கள்தொகை என்ன, சதுக்கத்துக்கு இப்போது என்ன பெயர், தேவாலயங்கள் திறந்திருக்கின்றனவா, ஓர்பான் சிலை நல்ல நிலையில் உள்ளதா, வெளியூர்க்காரர் பார்த்து மகிழ வேறு என்ன இருக்கிறது. சுருக்கமாக எழுதினால் போதும். கோஹாத்தைப் பற்றிச் சுருக்கமாகத்தான் எழுத முடியும் என்பதையும் அறிவேன்.

மேல்சரிவுத் திராட்சையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

அப்பா எப்படி இருக்கிறார்?

இப்படிக்கு,
வெண்டெல்

*

கோஹாத்,
27 செப்டம்பர்

தம்பி வெண்டெலுக்கு,

உறைமேல் 'திருமதி எதெல்கா அவர்களுக்கு' என்று பார்த்ததும் வரி அலுவலகம் என்று நினைத்து ஒரு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

மக்கள்தொகை ஊர்ப்பலகையில் ஒன்று, ஊராட்சியில் ஒன்று. கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்து எண்ணினால் இரண்டும் பொருந்தும். சதுக்கத்துக்கு இப்போது பெயர் இல்லை. பழைய பலகையைக் கழற்றிவிட்டார்கள், புதியது வரவில்லை. பலகை இல்லாமலே எல்லாரும் வீடு போய்ச் சேர்கிறார்கள். தேவாலயம் மூன்றும் திறந்திருக்கின்றன. மூன்று பிரிவாரும் அடுத்தவர் நரகத்துக்குப் போவார் என்று நம்புகிறார்கள். அதுவரை அடுத்தவர் நிலவறையில் குடிப்பதற்குத் தடையில்லை. ஓர்பான் சிலை கிணற்றுச் சந்தியில்தான் இருக்கிறது. மே மாதம் அவர் திருநாளன்றே உறைபனி விழுந்ததால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். படம் பிடிக்க வந்தால் முதுகுதான் கிடைக்கும். திராட்சைக்காரர்களின் புனிதருக்கு அதுவே அதிகம்.

மேல்தெரு முனையில் யூதர்களின் தொழுகைக்கூடம் இருக்கிறது. பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியாது. இந்த ஊர் ஒயினை உலகத்துக்கு விற்றவர்கள் அவர்கள். போரின்போது, நாற்பத்துநான்கில், கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். அதை எப்படி எழுதுவாயோ தெரியாது. எழுது.

அப்பாவுக்கு முடியவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்து, குளிர்காலம் தாண்டாது என்றார். ஓரம் என்று அவர் அழைத்த இடம் அப்பாவின் தலைமாடு.

"காது கேக்குது டாக்டர். அதெல்லாம் கெடக்கட்டும். பழம் சுருங்கிருச்சான்னு அவளக் கேட்டுச் சொல்லுங்க," என்றார் அப்பா.

அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நம் ஊரில் யார் செத்தாலும் நாக்கில் ஒரு கரண்டி சொட்டு வைத்துத்தானே அனுப்புகிறோம். சுருங்கிய பழத்தைத் தொட்டியில் குவித்தால், மிதிக்காமல் அழுத்தாமல் தன் பாரத்திலேயே கசிகிற அந்தத் தேன். அது அவருக்கு நம் சரிவிலிருந்து வேண்டுமாம். பக்கத்துச் சரிவுக் கெலமென் தன்னுடையதைத் தருகிறேன் என்று வந்தான். "சரிவ அரசாங்கம் புடுங்கி நாப்பது வருஷம் அடுத்தவன் சரக்கக் குடிச்சாச்சு கெலமென். கடைசிக் கரண்டியாவது என்னுதா இருக்கட்டும், கோவிச்சுக்காத," என்று அனுப்பிவிட்டார்.

போன வருடப் பறிப்பில் ஒரு பழம்கூடச் சுருங்கியிருக்கவில்லை, சொட்டும் இல்லை. காரணம் உனக்குத் தெரியும். இந்த வருடம் காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறுகிறது, பகலில் வெயில். பழம் பழுப்பேற ஆரம்பித்துவிட்டது. அரசாங்கம் திருப்பிக் கொடுத்த சரிவு நம் இருவர் பெயரில் இருக்கிறது. இருவரும் வாய் திறந்து சொல்லாமல் பறிக்கும் பெண்களில் ஒருத்தியும் கத்தி எடுக்க மாட்டாள், ஊர் வழக்கம் அது. எப்போது பறிக்கலாம் என்று நீயே சொல். போன வருடமும் நீதானே சொன்னாய்.

அக்கா

*

புடாபெஸ்ட்,
4 அக்டோபர்

அக்காவுக்கு,

'போன வருடமும் நீதானே சொன்னாய்.' அந்த வரியை எழுதாமல் உங்களால் கடிதத்தை முடிக்க முடியாது என்று நான் உறையைப் பிரிக்கும்போதே நினைத்தேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். மழை வரும் என்று வானொலி சொன்னது, பறித்துவிடலாம் என்றேன். மழை வரவில்லை. அடுத்த வாரமே மூடுபனி இறங்கி, கெலமெனின் பழம் முழுக்கச் சுருங்கி, அவன் வாழ்நாளில் காணாத ஒயினைக் கண்டான். அதோடு விட்டிருக்கலாம். நவம்பரில் அவன் வீட்டில் வாத்துக் கறி விருந்து. ஊரே மேசையில் இருந்தது. நீங்கள் ரொட்டியை நறுக்கிக்கொண்டே சொன்னீர்கள்:

"எங்க வெண்டெல் ஏழாம் மாசமே வெளிய வந்தவன். அம்மா வயித்துலயே காத்திருக்கத் தெரியல, கொடியிலயா காத்திருப்பான்?"

கெலமென் சிரித்துப் புரையேறி, முதுகில் குத்த வேண்டியதாயிற்று. குத்தியது நான்தான். கொஞ்சம் பலமாகவே குத்தினேன்.

எனவே இந்த ஆண்டு என் சொல் இதுதான்: காத்திருங்கள். சைமன்-யூதா திருநாள் அக்டோபர் இருபத்தெட்டு. நம் தாத்தாக்கள் அதற்குமுன் கத்தி எடுத்ததில்லை. காத்திருக்கத் தெரியாதவன் யார் என்று இந்த முறை கோஹாத் பார்க்கட்டும்.

கையேட்டு வேலை நடக்கிறது. ஓர்பானின் முதுகு ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது, 'நாட்டுப்புற நகைச்சுவை' என்றார். தொழுகைக்கூடத்தைப் பற்றிய பத்தியை அடித்துவிட்டார். பயணிகள் உற்சாகமான மனநிலையில் வருகிறவர்களாம். நான் திரும்ப எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள், பழம் நன்றாகச் சுருங்கட்டும், கரண்டியும் கனமாக இருக்கும்.

வெண்டெல்

*

கோஹாத்,
11 அக்டோபர்

தம்பிக்கு,

நீ ஏழாம் மாதம் பிறந்தது உண்மை. உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குப் பழக்கமில்லை. ரொட்டி நறுக்கும்போது சொன்னது வேண்டுமானால் தப்பு.

இங்கே எல்லாரும் பறிப்பில் இறங்கிவிட்டார்கள். கெலமென் வீட்டுப் பெண்கள் சுருங்கிய பழத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கூடையில் போடுகிறார்கள், பாட்டு வேறு. அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறான்: "என்ன எதெல்கா, பறிக்கிற எண்ணம் இருக்கா, இல்ல பூஞ்சைக்கே எழுதி வச்சுட்டியா?"

"தம்பி சைமன்-யூதா வரைக்கும் பொறுக்கச் சொல்லிருக்கான்," என்றேன்.

"யாரு? வெண்டெலா? பொறுக்கச் சொன்னானா?" என்று தொப்பியைக் கழற்றினான். மரியாதைக்கா, தலை சொறியவா, தெரியவில்லை.

நம் பழம் பாதிக்குமேல் சுருங்கியாயிற்று. உலர்ந்த திராட்சைபோல் இருக்கிறது, மேலே சாம்பல் பூத்திருக்கிறது, வாயில் போட்டால் அத்திப்பழமும் தேனும். மற்ற ஊர்களில் பழம் அழுகினால் அழுவார்கள். நாம் பழம் அழுக வேண்டுமே என்று ஜெபிக்கிறவர்கள். ஆனால் நல்ல அழுகலுக்கும் கெட்ட அழுகலுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மழை. அது உனக்கும் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. வியாழக்கிழமை காலை மேலங்கிப் பையில் கத்தியை வைத்துக்கொண்டு கூடையோடு சரிவேறினேன். ஒரு கூடை போதும், அப்பாவின் கரண்டிக்கு. தபால்கார ரோசாலியா சைக்கிளில் எதிரே வந்தாள்.

"பறிக்கவா அக்கா? தம்பி சொல்லிட்டாரா?"

"இல்ல. சுள்ளி பொறுக்கப் போறேன்."

"உங்களுக்கே பொறுக்க முடியலையோன்னு பாத்தேன்," என்று மணியடித்துக்கொண்டு போனாள்.

கொடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மாலைக்குள் ஊர் முழுக்க என்ன பேசும் என்று தெரியும். காத்திருக்கத் தெரியாதவள் யார் என்பதை நீயும் கேட்டுக்கொள்வாய். உண்மையாகவே சுள்ளி பொறுக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அப்பா கூடையைப் பார்த்தார்.

"கொண்டாந்தியா?"

"சுள்ளிப்பா."

"அதக் கரைச்சுக் குடு," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது ஓர்பானும் அவரும் ஒரே வாக்கில்.

எதெல்கா

*

புடாபெஸ்ட்,
18 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

நான் சிரிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை டிராமில் இரண்டு முறை படித்தேன், இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து 'பறித்துவிடுங்கள்' என்று ஒரு வரி எழுதினேன். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது போன ஆண்டு எழுதிய அதே வரி, எழுத்துக்கூட அதே சாய்வு. அதைக் கெலமென் வீட்டு மேசையில் நீங்கள் ரொட்டியோடு சேர்த்து நறுக்குவதுவரை கண்ணில் தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

நீங்கள் சரிவில் நிற்கிறீர்கள். பழத்தைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். நான் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்குகிறவன். நியாயமாகப் பார்த்தால் சொல்ல வேண்டியவர் நீங்கள். 'பறிக்கலாம்' என்று சொல்லுங்கள், 'சரி' என்கிறேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

தொலைபேசியில் பேசலாமே என்று கேட்பீர்கள். கோஹாத்துக்கு இணைப்புக் கொடுப்பதும் ரோசாலியாதான். நாம் இருவர் பேசினால் கேட்பவர்கள் முப்பது பேர்.

இருபத்தேழாம் தேதி ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். அடுத்த நாள் திருநாள். இருவரும் சேர்ந்தே கத்தி எடுக்கலாம். அப்பாவிடம் சொல்லுங்கள், கரண்டியை நானே பிடிக்கிறேன்.

தொழுகைக்கூடப் பத்தி மறுபடியும் அடிபட்டு வந்தது. இந்த முறை ஆசிரியர் இடமில்லை என்றார். அந்த இடத்தில் நாரைக்கூட்டின் படம் வருகிறது.

வெண்டெல்

*

கோஹாத்,
22 அக்டோபர்

வெண்டெல்,

நான் சொன்னால் நீ 'சரி' என்பாய். நீ சொன்னால் நான் 'சரி' என்பேன். இதற்கு நடுவில் நாகணவாய்க் குருவிகள் யாரையும் கேட்காமல் மேல் இரண்டு வரிசையை முடித்துவிட்டன. தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடுகிறேன். எனக்கு வயது அறுபத்து நாலு. அவை பறந்துபோய் கெலமெனின் வேலியில் உட்கார்ந்து என்னைப் பார்க்கின்றன. கெலமெனும் பார்க்கிறான்.

தெற்குக் காற்று ஈரமாக வீசுகிறது. மலை பக்கத்தில் வந்து நிற்பதுபோல் தெளிவாகத் தெரிகிறது. இப்படித் தெரிந்தால் என்ன அர்த்தம் என்று கையேட்டில் எழுத மாட்டார்கள். நீ மறந்திருக்க மாட்டாய்.

அப்பா நேற்றிலிருந்து கஞ்சிகூட இறக்கவில்லை. "வெண்டெல் எப்ப வரான்?" என்று கேட்டார். இருபத்தேழு என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "அவன் எப்பவும் அவசரக்காரன்தானே, இப்ப என்ன வந்துச்சு?" என்றார்.

என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். நான்தான் வந்தேன், ரொட்டிக் கத்தியோடு.

பறிக்கலாமா?

எதெல்கா

*

தந்தி
புடாபெஸ்ட், 25 அக்டோபர்

கடிதம் இன்று கிடைத்தது. பறியுங்கள். பறியுங்கள். வெண்டெல்.

*

தந்தி
கோஹாத், 26 அக்டோபர்

ஞாயிறு முதல் மழை. பறிக்க ஒன்றுமில்லை. அவசரப்பட்டு வர வேண்டாம். எதெல்கா.

*

கோஹாத்,
15 நவம்பர்

வெண்டெல்,

அடக்கத்துக்கு நீ வந்தாய், அடுத்த ரயிலில் போய்விட்டாய். கல்லறையில் உன் பக்கத்திலேயேதான் நின்றேன். உனக்கு அந்தப் பக்கம் கெலமென் நின்றான். அவன் முன்னால் பேச முடியாத விஷயம், அதனால் எழுதுகிறேன்.

மழை நாலு நாள் பெய்தது. சாம்பல் பூத்த பழமெல்லாம் வெடித்து, பச்சையாகப் பூஞ்சை பிடித்து, சரிவு முழுக்கக் காடி நாற்றம். உன் தந்தியை ரோசாலியா குடை பிடித்துக் கொண்டுவந்தாள். "தம்பி சொல்லிட்டாருக்கா," என்றாள். பாவம், சந்தோஷமாகத்தான் சொன்னாள். கூடையை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல பழமாகத் தேடிக் கிள்ளினேன். ஒரு கைப்பிடி தேறியது. கைப்பிடிப் பழம் தன் பாரத்தில் கசியாது. அதற்கு ஏது பாரம். ஒரு கிண்ணத்தில் போட்டு இரவெல்லாம் வைத்தேன், கிண்ணம் காய்ந்துதான் இருந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மூச்சு மாறியது. கெலமென் வந்தான். கையில் கட்டைவிரல் அளவு ஒரு குப்பி. போன வருடத்துச் சொட்டு. நீ முந்திப் பறிக்கச் சொன்ன அந்த வருடத்துச் சொட்டு. மரியாதையாகக் கதவருகிலேயே நின்றான்.

"உங்க சரிவுன்னே சொல்லிடு எதெல்கா. நான் வாயத் திறக்க மாட்டேன்," என்றான்.

உனக்குத் தெரியும், கெலமென் எதையும் தன்னுடையதில்லை என்று சொல்கிற ஆளில்லை. அடுத்தவன் வீட்டு நாய்க்கும் யோசனை சொல்கிறவன். அவன் அப்படிச் சொன்னதும் அவனைக் கட்டிலருகே கூப்பிட்டேன். கரண்டியை அவன்தான் பிடித்தான். நான் அப்பாவின் காதில் சொன்னேன்: "அப்பா, நம்ம சரிவுப்பா. வெண்டெலும் நானும் சேந்து பறிச்சோம்."

கண்ணைத் திறந்தார். நாக்கில் வைத்துக்கொண்டு நெடுநேரம் விழுங்கவில்லை. உனக்கு ஞாபகமிருக்கும், ஒயினைச் சுவைக்கும்போது இடது புருவத்தை மட்டும் தூக்குவாரே, அதைத் தூக்கினார். கெலமென் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். கடைசியில் விழுங்கினார். தெளிவாகச் சொன்னார்:

"அவசரப்பட்டுட்டீங்க. இன்னும் ஒரு வாரம் விட்டிருக்கணும்."

கெலமென் முகம் சிவந்துவிட்டது. "யாரு அவசரப்பட்டது? இந்த ஊர்லயே கடைசியா…" என்று ஆரம்பித்தவன் என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். ஐம்பது வருடப் பழக்கத்தில் அவன் வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா அதற்குமேல் பேசவில்லை. விடியுமுன் போய்விட்டார்.

இதை நான் யாரிடம் சொல்ல முடியும்? ஊரில் சொன்னால் கெலமெனின் ஒயினுக்குக் கெட்ட பெயர். சொல்லாவிட்டால் அந்தத் திட்டு நம் இருவர் தலையில் நிற்கும். அவர் நம்மைத்தான் சொன்னார் என்றால் பறிக்காத பழத்துக்குத் திட்டு வாங்கினோம். சுவை தெரிந்தே சொன்னார் என்றால் நான் பொய் சொன்னதும் அவருக்குத் தெரிந்திருக்கும். எப்படிப் புரட்டினாலும் கருகிய பக்கம்தான் மேலே வருகிறது.

நீ வந்திருந்தால் கரண்டியை நீ பிடித்திருப்பாய். வர வேண்டாம் என்று எழுதினேன். தந்தியில் அந்த 'அவசரப்பட்டு' என்ற சொல்லை நான் சேர்த்திருக்க வேண்டாம். ரோசாலியாவே கேட்டாள், "இந்தச் சொல்லு வேணுமாக்கா?" என்று. வேண்டும் என்றேன்.

எதெல்கா

*

புடாபெஸ்ட்,
24 நவம்பர்

அன்புள்ள எதெல்காவுக்கு,

உன் கடிதம் மேசைமேல் ஒரு வாரமாக இருக்கிறது. தினமும் பதில் எழுத உட்கார்ந்து, வேறு ஊரின் பக்கத்தைத் திருத்திவிட்டு எழுந்துவிடுகிறேன். சிறு வயதில் அடித்துக்கொண்ட பிறகு உன்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். இப்போதும் அப்படியே வருகிறது, பொறுத்துக்கொள்.

அந்தச் சொல்லைத் தந்தியில் பார்த்தேன். சீட்டு சட்டைப் பையில் இருந்தது. இருபத்தேழாம் தேதி நிலையத்துக்குப் போய், ரயில் கிளம்பும்வரை நடைமேடையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். ஏறியிருந்தால் வெள்ளிக்கிழமை அங்கே இருந்திருப்பேன். ஏழாம் மாதத்தில் அம்மா வயிற்றைவிட்டு ஓடிவந்தவனுக்கு அன்று ஒரு படி ஏற முடியவில்லை. அவ்வளவு நன்றாகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

கையேடு அச்சாகி வந்துவிட்டது. நம் ஊர்ப் பக்கத்தில் மிஞ்சியதை அப்படியே எழுதுகிறேன்: 'கோஹாத். எரிமலைச் சரிவில் அமைந்த அமைதியான சிற்றூர். மூன்று தேவாலயங்கள், நூற்றுக்கணக்கான நிலவறைகள், பயணிகளுக்கு முதுகு காட்டும் வேடிக்கையான புனிதர் சிலை. வசந்தத்தில் நாரைகள் வரும். மக்கள் பொறுமைசாலிகள். இலையுதிர்காலத்தில் பழம் கனிந்து சுருங்கும்வரை காத்திருப்பது இவர்கள் இரத்தத்தில் ஊறியது. எதற்கும் அவசரப்பட மாட்டார்கள்.'

கடைசி இரண்டு வரி நான் எழுதியவை. அக்டோபர் தொடக்கத்தில், காத்திருங்கள் என்று உனக்குப் பதில் போட்ட அன்று, பெருமையோடு எழுதினேன். அச்சுக்குப் போகுமுன் நீக்கச் சொன்னேன். நீக்கவில்லை. பக்கத்திலேயே நல்ல வரிகள் அவைதான் என்றார் ஆசிரியர். தொழுகைக்கூடம் கடைசிவரை ஏறவில்லை. நாரைக்கூடு தெளிவாக வந்திருக்கிறது. ஒரு பிரதியை நீ கெலமெனுக்குக் கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம்.

அப்பா நம்மைச் சொன்னாரா, கெலமெனைச் சொன்னாரா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். கெலமென் பறிக்கும்போதும் அவர் இன்னும் ஒரு வாரம் என்றுதான் சொல்லியிருப்பார். நாம் இந்த மழைக்கு அப்புறம் பறித்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பார். அந்தச் சரிவில் பிறந்தவர்கள் வேறெதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

சரிவை விட்டுவிட வேண்டாம், எதெல்கா. அடுத்த வருடமாவது முதல் பழம் சுருங்கியதும் இறங்கிவிடுவோம், யார் சொன்னது என்ற பேச்சே வேண்டாம். வீம்பு என் பக்கம் தீர்ந்துவிட்டது, சத்தியமாக. பிப்ரவரி கடைசியில் கொடி கத்தரிக்க வேண்டுமே, அதற்கே வந்துவிடுகிறேன். பனி எப்போது விடும், மொட்டு எப்போது வீங்கும் என்பதெல்லாம் பக்கத்தில் இருக்கிற உனக்குத்தான் தெரியும்.

எப்போது வரட்டும் என்று நீயே சொல். நீ சொல்லும்வரை நான் கிளம்பமாட்டேன்.

உன் தம்பி,
வெண்டெல்